வேலிக்கு வெளியே ஒரு குடம்

நகராட்சிப் பூங்காவின் நடுவில் நிற்கும் அந்த அரசமரத்துக்கு என்ன வயது என்று கேட்டால் ஆளுக்கொரு கணக்குச் சொல்வார்கள். தாழ்ந்துபோன கிளைக்கு இரும்புத்தூண், சுற்றிலும் கம்பிவேலி, கும்பிட வருகிறவர்களுக்கு ஒரு சின்ன வாசல். வெள்ளிக்கிழமை வந்தால் போதும், பெண்கள் குடம் குடமாக அடிமரத் தூரில் தண்ணீர் ஊற்றிவிட்டுத்தான் போவார்கள்.

தெய்வானைக்கு வெள்ளி, செவ்வாய் எல்லாம் கிடையாது. தினமும் ஊற்றுவாள். அறுபதை நெருங்கும் வயதில் அவளுக்கு வாய்த்த குரு அம்பலவாணர், மாலையானால் அங்கேயுள்ள சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். அவரும் அவள் வயசுக்காரர்தான். ஆனாலும் அவளுக்கு அவர் ஐயா.

அன்றைக்குக் குடத்தோடு வந்தவள் ஊற்றவில்லை. அவர் முன்னால் நின்று பொலபொலவென்று அழுதாள். பாவம், எவ்வளவுதான் அடக்கிவைப்பாள்!

மகள் பூங்கோதைக்கு வயிற்றுப்பிள்ளை ஏழாம் மாதம் தங்காமல் போய்விட்டது. கேட்டதும் மகளின் ஊருக்கு ஓடிப்போய்ப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டாள் தெய்வானை. சாப்பிடு, தூங்கு, அழாதே, இந்தக் கஷாயத்தைக் குடி என்று ஒரு நொடி மகளை விட்டு நகரவில்லை.

"நேத்து, 'அம்மா, நீ ஊருக்குப் போ'ன்னுட்டா ஐயா. பாசத்தைக் கொட்டினது ஒரு தப்பா? இனிமே அந்த வாசப்படிய நான் மிதிக்கலாமா, கூடாதா?"

அம்பலவாணர் எழுந்து அவள் கையிலிருந்த குடத்தை வாங்கினார். வேலி வாசலுக்குள் போகாமல் ஊஞ்சல் பக்கமாக நடந்தார். கடைசிக் கிளை முடிகிற இடத்தில், பிள்ளைகள் மிதித்து இறுகிப்போன மண்ணில் மெல்ல மெல்ல ஊற்றினார்.

"ஐயோ, மரம் அங்க இருக்கே ஐயா!"

"தண்ணி குடிக்கிற வேர் இங்கதாம்மா இருக்கு. அங்க தூரெல்லாம் ஊறிப்போய்க் கிடக்கு. தொட்டுப் பாருங்க."

போய்த் தொட்டாள். பட்டை நைந்து கையோடு வந்துவிட்டது. பதறிப்போனாள்.

"ஆசையாத்தானே ஊத்தினேன்!"

"ஆசையாத்தான் ஊத்தினீங்க. யாரு இல்லேன்னா?"

"அப்ப என் பிள்ளைய அப்படியே விட்டுட்டு இங்க உக்காந்திருக்கவா?"

"நேத்து உங்கள பஸ் ஏத்திவிட்டது யாரு?"

"மாப்பிள்ளைதான். ஒரு வார்த்தை பேசல. பஸ் கிளம்புற வரைக்கும் வெயில்லயே நின்னாரு."

அம்பலவாணர் காலிக் குடத்தை அவளிடம் நீட்டினார்.

"அவருக்கும்தானேம்மா பிள்ளை போச்சு. அவரு சாப்பிட்டாரான்னு யாராச்சும் கேட்டீங்களா?"