வால் போன இடம்

மடத்துக்கு வந்து நாற்பது நாளாகியும் சங்கிலி என்பவன் எதையும் திருடவில்லை. அய்யாவுக்கண்ணுக்கு அதுதான் பெரிய சந்தேகமாக இருந்தது.

அய்யாவுக்கண்ணு முன்னாளில் களத்துமேட்டுக் காவல்காரர். ஒன்பது வருடமாக மடத்துத் தலைவி மங்கையம்மையின் சீடர். அம்மை அவரைவிடப் பத்து வயது இளையவர் என்றாலும் அவர் சொல்லை இவர் தட்டியதில்லை. சங்கிலி விஷயத்தில்தான் மனசு ஆறவில்லை. ஆடு திருடிச் சிறைக்குப் போய் வந்தவனை யாராவது அடுப்படியில் விடுவார்களா? பாலுக்குப் பூனையைக் காவல் வைத்த கதைதான்.

“மூணு நாளா மோர்த்தண்ணியோட சரிம்மா. சோத்தைத் தொடல. சுவரோரமாவே உக்காந்திருக்கான். ஏதோ திட்டம் போடுறான். இன்னைக்கே அனுப்பிடுங்க.”

அம்மை கல்தொட்டியைக் காட்டினார். “அதுல ஒரு தலைப்பிரட்டை கிடக்கு. நாலு காலும் வந்திருச்சு, வால் மட்டும் இருக்கு. அதுக்கு இரை போடுங்க. அது தின்னதும் சங்கிலியை அனுப்பிடலாம்.”

இவ்வளவுதானே என்று அய்யாவுக்கண்ணு போனார். போன வாரம்வரை பாசியைச் சுரண்டிச் சுரண்டித் தின்ற பயல்தான் அது. இப்போது பாதி தண்ணீரிலும் பாதி கல்லிலுமாக உட்கார்ந்திருந்தது. பாசியைப் போட்டார். வாய் திறக்கவில்லை. பருக்கையை நசுக்கிப் போட்டார். கொசுப்புழுவைக்கூடப் பிடித்துப் போட்டுப் பார்த்தார். ம்ஹூம்.

இதுவும் ஓடத்தான் பார்க்கிறது என்று தொட்டியைவிட்டு நகராமல் காவல் இருந்தார். நாலாம் நாள் பதறிப்போய் வந்தார்.

“அம்மா, வாலைக் காணோம்!”

“யார் எடுத்தது?”

“சங்கிலியாத்தான் இருக்கும். நான் கண்ணசந்த நேரத்துல தூண்டிலுக்கு வெட்டியிருப்பான்.”

“காயம் இருக்கா?”

அய்யாவுக்கண்ணு தயங்கினார். “இல்ல.”

“தொட்டியில துண்டு கிடக்கா?”

“துழாவிட்டேன். இல்ல.”

“நாலு நாளா ஒண்ணும் தின்னாம எப்படி இருந்துச்சு?”

“அதாம்மா எனக்கும் விளங்கல.”

“தவளையாகுற நேரத்துல அதுக்கு வாயும் மாறும், குடலும் மாறும். வெளியிலிருந்து ஒண்ணும் இறங்காது. தன் வாலையே உள்ளுக்குள்ள கரைச்சுத்தான் உசுரு வச்சிருக்கும்.”

அய்யாவுக்கண்ணு திரும்பிப் பார்த்தார். சுவரோரம் சங்கிலி இருந்தான். கன்னம் ஒட்டி, கண் உள்ளே போயிருந்தது. இத்தனை நாளும் அவன் கையைத்தான் பார்த்திருக்கிறோம், முகத்தைப் பார்க்கவில்லையே என்று அவருக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் காவல்காரப் புத்தி லேசில் விடுமா?

“தவளைக்குச் சரிம்மா. மனுசன் மாறுறான்னு எப்படி நம்புறது? நானும் பழசையெல்லாம் விட்டுட்டுத்தானே இங்க வந்தேன். எனக்கு இப்படி ஒண்ணும் ஆகலியே?”

“ஆமாண்ணே,” என்றார் அம்மை. “ஒன்பது வருசத்துல ஒரு வேளைகூட உங்களுக்குப் பசி குறைஞ்சு நான் பாத்ததில்ல.”