காரம் கேட்டு வாங்கிய வெங்காயம்

அந்தக் காலத்தில் எந்த வெங்காயத்துக்கும் காரம் கிடையாது. உரித்தால் கண் கரிக்காது. கடித்தால் கரும்பு போல இனிக்கும். விலங்கும் செடியும் மனிதரோடு பேசிய காலம் அது. எந்த வெங்காயம் அதிக இனிப்பு என்று பேச்சு எழுந்தால் வெங்காயங்களும் சேர்ந்துகொண்டு கத்தும்.

கரிசல் காட்டில் பாவாயி, சடையன் என்று ஒரு மனைவியும் கணவனும் இருந்தார்கள். பெரிய பல்லாரி, வெள்ளை, சின்னது என்று மூன்று வெங்காயமும் பயிரிட்டார்கள். வெங்காயம் பிடுங்கும் நாளில் வரப்பில் உட்கார்ந்து சண்டை போடுவது அவர்களுக்கு வழக்கம்.

"பல்லாரிதான். ஒண்ணு கடிச்சா ஒரு வேளை ஓடிரும்," என்பான் சடையன்.

"உங்களுக்கு வயித்துலதான் நாக்கு. சின்னதைத் தின்னு பாருங்க. முழுங்கின பெறகும் இனிக்கும்," என்பாள் பாவாயி.

வேலியோரத்து முயல்தான் நடுவர். மூன்றிலும் ஒவ்வொன்று தின்றுவிட்டு, "சரியாப் பிடிபடல. இன்னொரு சுத்து பார்ப்போம்," என்று சொல்லும். தீர்ப்பு ஒரு வருடமும் வந்ததில்லை.

பிறகு ஒரு வருடம் மழை வரவில்லை. கரிசல் பாளம் பாளமாக வெடித்தது. பல்லாரியையும் வெள்ளையையும் ஊரே தின்று தீர்த்தது. சின்ன வெங்காயத்தில் ஒரு கூடை மட்டும் விதைக்கென்று பாவாயி வீட்டில் இருந்தது. சடையன் மாடுகளுக்குப் புல் தேடி மேற்கே மலைப்பக்கம் கிளம்பினான்.

"மழை விழுந்ததும் வந்துருவேன். அந்தக் கூடையை மட்டும் தொட்டுராதே. அது போச்சுன்னா காடு இருந்தும் நமக்கு இல்ல," என்றான்.

"தொடமாட்டேன்," என்றாள்.

சில நாள் தொடவில்லை. பிறகு ஒரு மதியம், கஞ்சி வெறும் தண்ணீராக இருந்தபோது, ஒன்றே ஒன்று எடுத்துக் கடித்தாள். மறுநாளும் எடுத்தாள். முயல் வாசலில் வந்து நின்றது.

"எனக்கும் ஒண்ணு குடேன். தீர்ப்பு பாக்கி இருக்குல்ல," என்றது.

அதற்கும் கொடுத்தாள். கூடை பாதியானது.

கூடைக்குள்ளிருந்து ஒரு வெங்காயம் கேட்டது: "அக்கா, இப்படியே போனா மழைக்கு எதை நடுவே?"

பாவாயி தலை குனிந்து சொன்னாள்: "தெரியுது. கைதான் கேக்க மாட்டேங்குது. நீ இவ்வளவு இனிப்பா இல்லாம இருந்திருக்கலாம்."

வெங்காயம் அதை யோசித்தது. கூடைக்குப் பக்கத்தில் ஒரு முறத்தில் போன வருடத்து மிளகாய் வற்றல் கிடந்தது. அந்தக் காலத்து மிளகாய், காய்ந்தால் வைக்கோல் போல வெளுத்துவிடும். சின்ன வெங்காயம்தான் அப்போது ரத்தச் சிவப்பு.

"அண்ணே, உன் காரத்துல கொஞ்சம் எங்க எல்லாருக்கும் தர்றியா?" என்றது வெங்காயம்.

மிளகாய்க்குச் சிரிப்பு வந்தது. "இனிப்புன்னு பேர் வாங்கினவளுக்குக் காரம் எதுக்கு?"

"பேர் கெடக்கட்டும். நாங்க கொறஞ்சுகிட்டே வர்றோம். பாவமா இருக்கு அவளைப் பார்த்தா."

"சும்மா தரமாட்டேன். உன் செவப்பைக் குடு. இன்னொண்ணும் கேட்டுக்க. காரம் எனக்குப் பெறவியிலயே உள்ளது. புதுசா வாங்குறவங்களுக்கு வாய் மரத்துப் போகும். அதுக்கப்புறம் உன்னால பேச முடியாது. அவகிட்ட காரணத்தைக்கூடச் சொல்ல முடியாது."

வெங்காயம் கூடையில் மிஞ்சியிருந்த மற்றவற்றைப் பார்த்தது. பிறகு, "மேல்தோலுக்கு மட்டும் கொஞ்சம் செவப்பை விட்டு வை," என்றது. அதுதான் அது பேசிய கடைசிப் பேச்சு.

மறுநாள் முயல்தான் முதலில் கடித்தது. "அய்யோ!" என்று ஒரே பாய்ச்சலில் வேலியைத் தாண்டியது. அப்போது துடிக்கத் தொடங்கிய அதன் மூக்கு இன்றுவரை நிற்கவில்லை.

பாவாயி ஒன்றை எடுத்து உரித்தாள். கண் எரிந்தது. கடித்தாள், நாக்கில் சுரீர் என்றது. மழை பொய்த்தபோதும், சடையன் போனபோதும் அழாதவள், இப்போது கன்னம் நனைய உட்கார்ந்திருந்தாள்.

"நீயுமாடி?" என்றாள் கூடையைப் பார்த்து.

வெங்காயத்துக்கு வாய் மரத்திருந்தது.

துப்ப மனம் வரவில்லை. உணவாயிற்றே. வாயிலேயே வைத்திருந்தாள். காரம் மெல்ல அடங்கியது. அதற்குப் பின்னால், நாக்கின் அடியில், பழைய இனிப்பு அப்படியே இருந்தது. பாவாயி மெல்லுவதை நிறுத்தினாள். வெளுத்துப்போன வெங்காயத்தையும் முறத்தில் புதிதாகச் சிவந்து கிடந்த மிளகாயையும் மாறி மாறிப் பார்த்தாள். எழுந்துபோய்க் கூடையை உத்தரத்தில் கட்டித் தொங்கவிட்டாள். பிறகு அவள் கை அந்தப் பக்கம் போகவில்லை.

மழை வந்தது. பாவாயி ஈர மண்ணில் ஒவ்வொரு வெங்காயமாக ஊன்றினாள். அந்தக் காலத்தில் ஒரு வெங்காயம் ஊன்றினால் இரண்டுதான் வரும், தின்ன ஒன்று, விதைக்கு ஒன்று. அவள் ஒவ்வொன்றையும் நெற்றியில் ஒற்றி, "உன்னாலதான் இந்தக் காடு எனக்கு இருக்கு. தனியாப் போற, கூட்டத்தோட வா தாயி," என்று சொல்லி மண்ணை மூடினாள்.

சடையன் மெலிந்த மாடுகளோடு திரும்பியபோது வெங்காயத் தாள் பச்சையாக நின்றது. ஒன்றைப் பிடுங்கினான். கொத்தாக வந்தது. ஒன்றைப் பிய்த்துக் கடித்தவன் கண்ணைக் கசக்கினான்.

"என்னடி இது, இந்த அடி அடிக்குது!"

"துப்பிராதீங்க. கொஞ்சம் பொறுங்க."

பொறுத்தான். அவன் முகம் மாறுவதை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் இன்னொன்றுக்குக் கையை நீட்டினான்.

"பல்லாரிதானே ஒசத்தி?" என்றாள் பாவாயி.

"அதை இப்ப யாரு கேட்டா," என்றான்.

இன்றும் சின்ன வெங்காயத்துக்கு விதையாகச் சின்ன வெங்காயத்தையே மண்ணில் ஊன்றுகிறோம். அன்று முதல்தான் ஒன்று போய்க் கொத்தாகத் திரும்பி வருகிறது. உரிக்கும்போது நம் கண் முதலில் நனைகிறது. பொறுத்து மெல்லுகிறவருக்கு இனிப்பு பின்னால் வருகிறது.