முந்நூறு ஏடும் ஒரு குடம் தண்ணீரும்

கணினி வைத்திருந்த காடு ஒன்று இருந்தது, பிள்ளைகளே. சிரிக்காதீர்கள். நம்மிடம் இருக்கலாம், விலங்குகளிடம் இருக்கக்கூடாதா?

அந்தக் கணினிக்குள் ஓர் உதவியாளர் இருந்தது. செயற்கை அறிவு. அதற்குத் தத்தை என்று பெயர் வைத்திருந்தார்கள். கணினியை இயக்கும் நிரல் எது கேட்டாலும் கண்மூடித் திறப்பதற்குள் எழுதிவிடும். ஒரே ஒரு குறை. இன்று கற்றுக்கொடுத்தது நாளைக்கு அதற்கு நினைவிருக்காது. தினமும் காலையில், "வணக்கம், இது எந்தக் காடு?" என்று முதலிலிருந்து கேட்கும்.

ஆமைக்கு இது அலுத்துப்போனது. தத்தை எந்த வேலையை எப்படிச் செய்ய வேண்டும் என்று ஓர் ஏட்டில் எழுதி, மேலே தலைப்புப் போட்டுக் கணினியிலேயே வைத்துவிட்டது. வேலை வரும்போது தத்தை தலைப்பைப் பார்க்கும், ஏட்டைத் திறக்கும், அதன்படி செய்யும். இப்படிப்பட்ட ஏட்டுக்கு ஸ்கில் என்று பெயர்.

ஆமை எழுதியது ஒரே ஓர் ஏடுதான். தலைப்பு, 'ஆற்று நீர் அறிவிப்பு'.

அந்தக் காட்டில் ஆறு பொல்லாதது. கரையை ஒட்டித்தான் முயல்களின் வளைகள். ஆற்றோரம் ஒரு கருங்கல், அதன் பக்கத்தில் ஒரு மூங்கில் குழாய். வெள்ளம் கல்லைத் தொட்டால் குழாய்க்குள் தண்ணீர் ஏறும், கணினிக்குத் தெரிந்துவிடும். உடனே அபாய மணி அடிக்க வேண்டும். ஆமை கரையெல்லாம் ஊர்ந்து அளந்து, பதினோரு நாள் உட்கார்ந்து அந்த ஏட்டை எழுதியது. கடைசி வரி இப்படி இருந்தது: "நிரல் எழுதி முடித்ததும், குழாயில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றிச் சோதித்துப் பார்."

ஒவ்வொரு வருடமும் மழைக்கு முன்னால் அந்த நிரலைத் திருத்தி எழுதுவது வழக்கம். அந்த வருடம் நரி முந்திக்கொண்டது.

"ஓர் ஏட்டுக்குப் பதினோரு நாளா? வெட்கக்கேடு! மணல்மேட்டுக் காட்டிலிருந்து முந்நூறு ஏடு கொண்டுவந்திருக்கிறேன். ஒரே மூச்சில்! எல்லாம் இலவசம்!" என்றது.

தலைமை யானைக்கு எண்ணிக்கை என்றால் கொள்ளை ஆசை. "முந்நூறா!" என்று காதை விரித்தது. "பக்கத்துக் காட்டில் எத்தனை வைத்திருக்கிறார்கள்?"

"நாற்பதுதான், யானையாரே."

"பலே! மாலை எடுத்து வாருங்கள்!"

நரியின் கழுத்தில் மாலை விழுந்தது. அப்போது கணினியிலிருந்து தத்தை பணிவாகக் கேட்டது. "ஐயா, 'ஆற்று நீர் அறிவிப்பு' என்று இப்போது இரண்டு ஏடுகள் இருக்கின்றன. எதன்படி செய்யட்டும்?"

"புதியதன்படி செய். ஆமையின் ஏட்டை அழித்துவிடு."

"புதியதை நீங்கள் படித்துப் பார்த்தீர்களா, ஐயா?"

"படிக்கவா?" நரி விழுந்து விழுந்து சிரித்தது. "நான் படிப்பதானால் நீ எதற்கு?"

தத்தை புதிய ஏட்டில் இருந்தபடி நிரலை எழுதி முடித்தது.

ஆமை மெல்லக் கழுத்தை நீட்டியது. "நரியாரே, குழாயில் ஒரு குடம் தண்ணீர் மட்டும் ஊற்றிப் பார்த்துவிடுங்களேன்."

"யார் குடம் தூக்குவது? இது எல்லோரும் புகழ்ந்த ஏடு, தெரியுமா?"

யானையும் ஒத்து ஊதியது. "ஆமையாரே, பொறாமை வேண்டாம்."

பாவம் ஆமை, ஆற்றங்கரைக்குப் போய்விட்டது. குடம் தூக்கி ஊற்ற அதற்கு உயரம் போதாதே.

மூன்றாம் நாள் மலையில் மழை கொட்டியது. நண்பகலில் ஆறு புரண்டு வந்து கருங்கல்லைத் தொட்டது. குழாய்க்குள் தண்ணீர் ஏறியது. காடெங்கும் கட்டியிருந்த ஒலிபெருக்கிகள் கரகரத்தன.

டும் டும் டும்! மேளம்! நாதஸ்வரம்!

"வாழ்த்துகள்! வாழ்த்துகள்! நம் ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டது! அனைவரும் குடும்பத்தோடு கரைக்கு வந்து நீராடி மகிழுங்கள்!"

மேட்டில் புல் மேய்ந்துகொண்டிருந்த தாய் முயல் காதைத் தூக்கியது. மணி அடிக்கவில்லை, மேளம்தான் அடிக்கிறது. சரி, ஏதோ திருவிழா என்று நிம்மதியாக இன்னொரு வாய் புல்லைக் கடித்தது. கீழே வளைக்குள் அதன் ஐந்து குட்டிகள் தூங்கிக்கொண்டிருந்தன.

நல்லவேளை, ஆமை கரையில் இருந்தது. தரையில்தான் அது மந்தம். தண்ணீரில் அதை யார் பிடிக்க முடியும்? வெள்ளம் புகுந்த வளைக்குள் பாய்ந்து, இரண்டு குட்டிகளை முதுகில் ஏற்றி மேட்டில் விட்டது. மறுபடி போய் இன்னும் இரண்டு. "முயலம்மா, ஓடி வா! இது வெள்ளம்!" என்று கத்திவிட்டு மூன்றாம் முறை மூழ்கியது.

தாய் முயல் ஓடி வந்து எண்ணியது. நான்கு. மறுபடி எண்ணியது. நான்குதான். அது போட்ட கூச்சலில் மேளச் சத்தமே கேட்கவில்லை. வெகு நேரம் கழித்து ஆமையின் ஓடு தண்ணீருக்கு மேலே வந்தது. அதன்மேல் ஐந்தாவது குட்டி, தும்மிக்கொண்டே!

மற்ற முயல்கள் மேய்ச்சலுக்குப் போயிருந்ததால் தப்பின; வளைகள் அத்தனையும் போய்விட்டன. அறிவிப்பைக் கேட்டுக் குளிக்கப் போய் வெள்ளத்தில் சிக்கிய நரியைப் புதரிலிருந்து இழுத்துப் போட்டார்கள். மாலை மட்டும் வாடாமல் இருந்தது.

யானை கணினி முன் நின்று பிளிறியது. "தத்தையே, ஏன் இப்படிச் செய்தாய்?"

"ஏட்டில் உள்ளபடியே செய்தேன், ஐயா. தண்ணீர் ஏறினால் கொண்டாடு, இறங்கினால் அபாய மணி அடி என்று இருக்கிறது. மணல்மேட்டில் ஆறு வருடமாக ஆற்றில் தண்ணீர் வரவில்லையாம்."

எல்லோரும் நரியைத் திரும்பிப் பார்த்தார்கள். அது ஈர மாலையைச் சரிசெய்துகொண்டு எழுந்தது.

"நண்பர்களே, குறை எங்கே என்று கண்டுபிடித்துவிட்டேன். முந்நூறு போதவில்லை! ஏடுகளைச் சரிபார்ப்பதற்கென்றே தனியாக ஓர் ஏடு இருக்கிறதாம். நாளைக்கே கொண்டுவருகிறேன்."

"படித்துவிட்டா?" என்றது ஆமை.

"அதற்கெல்லாம் எங்கே நேரம்?"

தாய் முயல் ஆற்றில் இறங்கி ஒரு குடம் நிறைய மொண்டு வந்து, பாறைமேல் ஏறி, நரியின் தலையில் கவிழ்த்தது.

"ஐயோ! என்ன செய்கிறாய், முயலம்மா?" என்று நரி அலறியது.

"சோதித்துப் பார்க்கிறேன்" என்றது முயல். "இன்னும் இருநூற்றுத் தொண்ணூற்றொன்பது குடம் இருக்கிறது. அசையாமல் நில்."

நீதி: பிறர் எழுதிய செய்முறையை இரவல் வாங்கலாம், அதைப் படித்துப் பார்க்கும் பொறுப்பை யாருக்கும் இரவல் கொடுக்க முடியாது.