வெட்டுக்காயப் பூண்டு தின்ன கிடா

வெயிலுமுத்து பேச்சை நம்பி வந்து மழைகூட ரெண்டு தடவை ஏமாந்து போச்சுன்னு ஊர்ல சொல்வாங்க. அன்னைக்கு அவர் தங்கச்சி சீனியம்மா மகனுக்குக் காதுகுத்து. தாய்மாமன் சீரா அவரோட செவலைக் கிடா கோயில் முன்னால நிக்கிது. மஞ்சத்தண்ணி தெளிச்சாச்சு. கிடா உடம்பைச் சிலுப்பினா சாமி உத்தரவு கொடுத்துட்டுன்னு அர்த்தம், உடனே வெட்டிருவாங்க. தாயில்லாக் குட்டியா எடுத்து, புட்டிப்பால் கொடுத்து வளர்த்த கிடா. மனசு கேக்குமா?

"மாப்ளே, இதை வெட்ட முடியாது," என்றார்.

அருவாளோடு நின்ன தங்கச்சி புருசன் அய்யாத்துரை, "ஏன் மச்சான், கழுத்து இரும்பா?" என்றான்.

"நம்ம தரிசுல வெட்டுக்காயப் பூண்டு கிடக்குல்லா? கசக்கி வச்சா காயம் ஆறிரும். இவன் பொறந்ததுலேருந்து அதைத்தான் தின்னுருக்கான். போன மாசம் வேலி முள்ளு காதைக் கிழிச்சிட்டு. நான் அய்யோங்கதுக்குள்ள ஒட்டிக்கிட்டு. தழும்பு இருக்கா பாரும்!"

"கிழியாத காதுலயும் தழும்பு இருக்காது மச்சான்."

"மூட்டுக்கு முடக்கத்தான் நல்லதும்பாங்கல்லா? அதைத் தின்னுட்டு ஒருநா ஏப்பம் விட்டான். பக்கத்துல ரிப்பேராகி நின்ன பஸ்ஸு, டிரைவர் இல்லாமலே கோவில்பட்டி போய்ச் சேந்துட்டு!"

"பிறகு உங்க மூட்டு மட்டும் ஏன் நொண்டுது?"

"தின்னது கிடாதானவே, நானா தின்னேன்? இன்னும் கேளும். ஆவாரை பூத்திருக்கச் சாவாரைக் கண்டதுண்டோம்பாங்க. இவன் ஆவாரந்தழை மென்ன வாயோட ஒரு பாடையை மோந்து பாத்தான். கிடந்தவரு எந்திரிச்சு, 'தாளம் தப்புதுடே'ன்னு கொட்டுக்காரனை வைதாரு! இவனைக் கறியாக்கித் தின்னீங்க, வயித்துல கிடக்கிற துண்டெல்லாம் உடம்பைத் தேடிக் கிளம்பும். இவன் மேயுற பக்கமெல்லாம் ஊரே வயித்தைப் பிடிச்சுக்கிட்டுப் பின்னால ஓடணும்!"

கூட்டம் விழுந்து விழுந்து சிரிச்சது. அய்யாத்துரை மட்டும் சிரிக்கலை.

"வெட்டினாலும் சாகாதுல்லா? அப்ப என்ன பயம்? சாமிக்கும் வெட்டினதாச்சு, உங்க கிடாவும் உங்களுக்கே ஆச்சு," என்று அருவாளைத் தூக்கினான்.

சீனியம்மாவுக்கு அண்ணன் முகத்தைப் பாக்கப் பாவமா இருந்தது.

"அண்ணே, சொன்னதெல்லாம் புளுகுன்னு ஊர் முன்னால ஒரு வார்த்தை சொல்லு. கிடா சிலுப்பலை, சாமி கேக்கலைன்னு விட்டுருதேன். கோழி அடிச்சிக்கிடுவோம்."

அந்த வார்த்தை அவர் வாயில ஒருநாளும் வந்ததில்லை. கிடா அவர் வேட்டி நுனியை மென்னுக்கிட்டு நின்னது.

"எல்லாம் புளுகுதான் தாயி," என்று தலையைக் குனிஞ்சார்.

சீனியம்மா கயித்தை அவிழ்த்துக் கொடுத்தாள். பத்தடி போனவர் தாங்கமாட்டாமத் திரும்பி, "மாப்ளே! புளுகுன்னு சொன்னேன் பாத்தீரா, என் ஆயுசுல நான் சொன்ன ஒரே பொய் அதுதான்!" என்று கத்தினார்.

அப்பத்தான் கிடா தலையிலேருந்து வால்வரைக்கும் ஒரு சிலுப்புச் சிலுப்பிச்சு.

அருவாளோடு அய்யாத்துரை எட்டு வைக்கிறதுக்குள்ள வெயிலுமுத்து கிடாவைத் தூக்கித் தோள்ல போட்டு, நொண்டாம ஓடினார். யாராலும் பிடிக்க முடியலை. அன்னைலேருந்து அந்த ஊர்ல முடக்கத்தானை மட்டும் யாரும் கேலி பேசுறதில்லை.