ஒரு தடவை இருமுங்க

டாக்டர் அருள்தாசன் தன்னைவிடப் பன்னிரண்டு வயது இளையவரிடம் தொழில் கற்க வந்திருந்தார். வெட்கமெல்லாம் முதல் நாளோடு போயிற்று. டாக்டர் மேகலை குடலிறக்கத்துக்கு லேப்ராஸ்கோப்பி செய்வதைப் பார்த்தால் யாருக்குத்தான் வாய் பிளக்காது? மூன்றே துளை. உள்ளே கேமரா, வெளியே திரை. காலையில் படுத்தவர் மாலையில் எழுந்து உட்கார்ந்து காபி கேட்பார்.

"இருபது வருஷம் தாலுகா ஆஸ்பத்திரியில நான் கத்தியால கிழிச்சதெல்லாம் வீண் மேடம்" என்றார் அருள்தாசன். "இனி அந்தப் பக்கமே போகமாட்டேன். இதுதானே பெரிசு?"

மேகலை கையுறையைக் கழற்றிக்கொண்டே, "அடுத்தது யாரு சார்?" என்றார்.

அடுத்தது சீனியப்பன், வெங்காய மண்டியில் மூட்டை தூக்குபவர். அடிவயிற்றில் புடைப்பு வந்ததிலிருந்து மூட்டையைத் தொட முடியவில்லை. மண்டியில் பெயரை அடிக்கப் போகிறார்கள். நுரையீரலைப் பீடி தின்றிருந்தது. மயக்க மருத்துவர் கையை விரித்துவிட்டார். "முழு மயக்கம் தாங்கமாட்டார்." அது இல்லாமல் மேகலை துளை போடுவதில்லை.

"நீங்களும் திருப்பி அனுப்பிராதீங்கம்மா" என்றார் சீனியப்பன். "ஏற்கெனவே ரெண்டு இடத்துல அனுப்பிட்டாங்க."

மேகலை கத்தியை எடுத்து அருள்தாசனிடம் நீட்டினார். தான் எதிர்ப்பக்கம் போய் உதவியாளராக நின்றுகொண்டார்.

இந்த அம்மா முன்னாலா அந்தப் பழைய கீறல் என்று அருள்தாசனுக்குக் கூசியது. ஆனாலும் போட்டார். அந்த இடம் மட்டும் மரத்துப்போக ஊசி, நான்கு விரல் நீளத்துக்குக் கீறல். இறங்கிய குடலை உள்ளே தள்ளி, வயிற்றுச் சுவரில் இருந்த ஓட்டையின் மேல் செயற்கை வலை வைத்துத் தைத்தார். கை தன்பாட்டுக்கு ஓடியது. சீனியப்பன் வெங்காய விலையை விலாவாரியாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

மூடுவதற்கு முன் அருள்தாசன் வழக்கம்போல் நிறுத்தினார். "ஐயா, ஒரு தடவை இருமுங்க."

சீனியப்பன் இருமினார். வலையின் ஓரத்தில் ஓரிடம் லேசாகப் பிதுங்கியது. அங்கே இன்னொரு தையல்.

"இன்னொரு தடவை."

அசையவில்லை. மேகலை குனிந்தபடி அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கை கழுவும்போது அருள்தாசன் மெதுவாகக் கேட்டார். "இதுதானே பெரிசுன்னு நான் கேட்டதுக்கு நீங்க பதிலே சொல்லலையே மேடம்?"

"நான் தைக்கும்போது ஆள் தூங்கிட்டிருப்பார் சார். தையல் நிக்குதான்னு இதுவரைக்கும் நான் யாரையும் கேட்டதில்ல" என்றார் மேகலை. "திங்கக்கிழமை இதே மாதிரி ஒருத்தர் வர்றார். நீங்க தைங்க, நான் பிடிச்சுக்கிட்டு நிக்கிறேன். நானும் கத்துக்கணும்."