நாலு மொட்டைகள்

முன்னொரு காலத்தில், பெயரைச் சொன்னால் சண்டைக்கு வருவார்கள் என்பதால் நான் பெயர் சொல்லாத ஒரு நாட்டில், விஷக்காய்ச்சல் பரவியது. அரண்மனை வைத்தியர் மருதாசலப் பண்டிதர் மருந்து கொடுத்தார். செம்பாயி என்ற நாட்டு வைத்தியச்சியும் கொடுத்தாள். ஜனங்கள் அவளிடமே அதிகம் போனார்கள். பண்டிதருக்கு வயிறு எரிந்தது.

"யார் மருந்து உசத்தி என்று இன்றே தெரியவேண்டும்" என்றார் ராஜா. பண்டிதர் தம்மிடம் மருந்து குடித்த நாலு பேரையும், அவளிடம் குடித்த நாலு பேரையும் தாமே பொறுக்கி அழைத்து வந்தார். அவருடைய நால்வரில் மூவர் தேறியிருந்தார்கள். அவளுடைய நால்வரில் ஒருவனுக்குத்தான் நிற்கத் தெம்பிருந்தது.

விகடகவி பூவணன் அப்போது வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "மகாராஜா, இந்த அம்மாளிடம் போனவன் காய்ச்சலுக்குத் தப்பினாலும் கஷாயத்துக்குத் தப்பமாட்டான்" என்றான். சபையே சிரித்தது. சிரித்த வாயோடு ராஜா அவளை நாடு கடத்தினார். அவள் சபையை ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டுப் போனாள்.

அந்தப் பார்வை பூவணனை விடவில்லை. அவன் தெருவில் அவள் மருந்தால் பிழைத்தவர்கள் ஏராளம். தெரிந்தேதான் அந்த வேடிக்கையைப் பேசியிருந்தான். இனி ராஜாவின் தீர்ப்பு தப்பு என்றால் தலை போகும்.

பத்தாம் நாள் ராஜாவுக்குச் சவரம் செய்ய ஆள் வரவில்லை. விசாரித்தால், நாவிதர்களையெல்லாம் பூவணன் அவரவர் சொந்த ஊருக்கு அனுப்பியிருந்தான்.

"ஏன் அனுப்பினாய்?"

"நாட்டில் யாருக்கும் தலைமுடி இல்லை, மகாராஜா. நாலு பேரைப் பார்த்தேன். நாலும் மொட்டை."

"எங்கே பார்த்தாய்?"

"முடி காணிக்கை கொடுக்கும் கோயில் வாசலில்."

ராஜா விழுந்து விழுந்து சிரித்தார். "அட மடையா, அங்கே நாலு பேரைப் பார்த்தால் நாடே மொட்டையா? தெருத்தெருவாக இருநூறு பேரையாவது பார்க்கவேண்டாமா?"

"பார்க்கவேண்டும், மகாராஜா. காய்ச்சல்காரர்களில் நாம் எத்தனை பேரைப் பார்த்தோம்? அவர்களைப் பொறுக்கியது யார்?"

ராஜாவின் சிரிப்பு நின்றது. அன்றே ஆட்கள் புறப்பட்டு, முகம் பார்க்காமல், பத்து வீட்டுக்கு ஒரு வீடாக நுழைந்து விசாரித்தார்கள். பண்டிதரின் மருந்து குடித்த இருநூறு பேரில் பிழைத்தவர்கள் நூற்றுப் பத்து. செம்பாயியிடம் குடித்த இருநூறு பேரில் நூற்று அறுபது.

"ஐந்தாறு பேர் வித்தியாசம் என்றால் தற்செயல் எனலாம். ஐம்பது பேரை எங்கே தள்ளுவது?" என்றார் ராஜா.

செம்பாயியை அழைக்கப் போன தூதன் ஒரு மூலிகை மூட்டையோடு தனியே திரும்பினான்.

"மருந்து கொடுத்தனுப்பினாள், மகாராஜா. வரமாட்டாளாம். 'அன்று சபையில் சிரிக்காதவர் ஒருவராவது உண்டா என்று தேடினேன். நாலு பேரோடு நிறுத்தவில்லை, கடைசி ஆள்வரைக்கும் பார்த்தேன்' என்று சொல்லச் சொன்னாள்."

ராஜா பூவணனுக்குப் பட்டுச் சால்வை போர்த்தினார். போர்த்தும்போது மொட்டைகளை நினைத்து மறுபடியும் சிரித்தார், ராஜாக்கள் அப்படித்தான். சபையும் சிரித்தது. பூவணன் மட்டும் சிரிக்கவில்லை. அன்றைக்கே சிரிக்காமல் இருந்திருக்க வேண்டும்.