ஏழாவது காயில்

காலை பத்து நாற்பது. ஆறு காயில்கள் உள்ளே போயிருந்தன. ஏழாவது, டாக்டர் அருளப்பனின் விரல்களுக்கு நடுவே இருந்தது.

மயக்கத்தில் படுத்திருந்தவர் ஜெசிந்தா. வயது நாற்பத்து மூன்று. தூத்துக்குடியில் பள்ளி வேன் ஓட்டுகிறவர். அவர் மூளையில் ஒரு ரத்தக்குழாய் கொண்டைக்கடலை அளவுக்கு வீங்கியிருந்தது. வெடித்தால் உயிருக்கு உத்தரவாதமில்லை. தொடை வழியாக நுழைத்த மெல்லிய குழாய் அந்த வீக்கம்வரை போயிருந்தது. வீக்கத்தின் வாய் அகலம். அதனால் ரத்தக்குழாய்க்குள் ஸ்டென்ட் என்னும் கம்பிவலையை வேலிபோல விரித்தாயிற்று. வலைக்குப் பின்னால் காயில் என்னும் பிளாட்டினம் சுருள்களைத் திணித்து அடைப்பதுதான் பாக்கி.

அருளப்பன் இருபத்திரண்டு வருடம் மண்டையைத் திறந்து இந்த மாதிரி வீக்கங்களுக்குக் கிளிப் போட்டுப் பேர் வாங்கியவர். ஐம்பத்து நான்கு வயதில் இதைக் கற்க வந்திருந்தார். குரு டாக்டர் மெஹருன்னிசாவுக்கு முப்பத்தெட்டு.

"இவ்வளவு தள்ளினா போதும்னு கைக்கு எப்படித் தெரியும் மேடம்?"

"தள்ளுங்க சார். பாப்போம்."

தள்ளினார். எக்ஸ்ரே திரையில் குழாயின் முனை ஒரு கரும்புள்ளி. அது அசையவில்லை.

"அடம் பிடிக்குது. கிளிப்புன்னா இந்நேரம் போட்டுட்டு டீ குடிக்கப் போயிருப்பேன்."

"மண்டையை மூடிட்டுப் போங்க சார்."

அறையில் சிரிப்பு. அருளப்பன் இன்னும் கொஞ்சம் தள்ளினார். புள்ளி நின்ற இடத்திலேயே நின்றது. நகராத ஒன்றால் என்ன கெட்டுவிடும் என்று மறுபடியும் தள்ளினார்.

"கையை எடுங்க."

"அது நகரவே இல்லையே மேடம்..."

"கையை எடுங்க சார்!"

மெஹருன்னிசாவின் குரல் உயர்ந்து அந்த அறையில் யாரும் கேட்டதில்லை. அருளப்பன் சூடுபட்டதுபோல் கையை எடுத்தார்.

மெஹருன்னிசா தொடைப் பக்கம் குழாயைப் பிடித்து மெல்லப் பின்னால் இழுத்தார். ஒரு மில்லிமீட்டர். இரண்டு. கழுத்துக்குள் வளைந்து கிடந்த குழாய் நிமிர்ந்தது. புள்ளி நகர்ந்தது. முன்னால்.

"மேடம்! நீங்க இழுக்கறீங்க, அது முன்னால போகுது!"

"தெரியும்."

புள்ளி வீக்கத்தின் சுவரைத் தொட்டது. மயக்க மருந்து டாக்டர் ஸ்டூலைவிட்டு எழுந்துவிட்டார். இன்னும் ஒரு முடியளவு போனால் சுவர் கிழியும்.

"பிரஷர்?"

"நூத்திப் பத்து. ஏறலை."

மெஹருன்னிசா அப்படியே நின்றார். பிறகு, இழுத்தாரா இல்லையா என்றே தெரியாத அளவுக்கு இழுத்தார். புள்ளி நடுங்கியது. நின்றது. மெதுவாக வீக்கத்தின் நடுவுக்குத் திரும்பி வந்தது.

தள்ளும் கம்பியிலிருந்து இன்னும் கழற்றிவிடாத காயில் என்பதால் அதை முழுசாக வெளியே உருவினார். அதைவிடக் குட்டையான ஒன்றை எடுத்து அருளப்பனிடம் நீட்டினார்.

"மறுபடியும் நானா?"

"பயந்த கைதானே. தள்ளட்டும்."

அருளப்பன் தள்ளினார். நிறுத்தினார். தள்ளினார். சுருள் சுருண்டு உள்ளே போய் இடுக்கில் படுத்துக்கொண்டது. கழற்றிவிட்டார்கள். சாயம் செலுத்தினார்கள். ரத்தக்குழாய் முழுசாகத் தெரிந்தது. வீக்கத்தின் வாயில் ஒரு கீற்றுச் சாயம் மட்டும் மிச்சம்.

"போயிருச்சு! மேடம், உள்ள போயிருச்சு!" சட்டை முழுக்க வியர்வையோடு அந்தப் பெரிய சர்ஜன் குதித்தார்.

"குதிக்காதீங்க சார். டேபிள் ஆடும்."

பதினொன்றரைக்கு ஜெசிந்தா கண் விழித்துத் தண்ணீர் கேட்டார். வெளியே வந்து கனமான ஈய அங்கியைக் கழற்றும்போது அருளப்பன் கேட்டார்.

"ஒண்ணு புரியல மேடம். நான் தள்ளினப்ப முனை அசையவே இல்ல. அவ்வளவு தள்ளினதும் எங்க போச்சு?"

"எங்கயும் போகல சார். வழியில நின்னு காத்துக்கிட்டு இருந்துச்சு."



அடுத்த பிப்ரவரி 12ஆம் தேதி ஜெசிந்தாவுக்கு எடுத்த படத்தில், வீக்கத்துக்குள் ரத்தம் போகவில்லை.